மனநலக் கணிப்புக்கு நியூரல் நெட்வொர்க்: இராமநாதபுரம் கரையோர மாணவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் ஒன்று: வயது, பாலினம், படிப்பு, தொழில், வருமானம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்) சொல்லிவிடும் என்பது. இணையத்திலிருந்து ஒரு தரவுத் தொகுப்பை இறக்கி, யாரோ எழுதிய நிரலை ஓட்டி, ‘துல்லியம் 92 சதவீதம்’ என்று ஸ்லைடில் போட்டு முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அந்த 92 எங்கிருந்து வருகிறது என்பதைக் கீழே காட்டுகிறேன்.

ஓரளவு பைத்தான் தெரிந்த, பிளஸ் டூ கணக்கு மறக்காத யாரும் இதைப் பின்பற்றலாம். கணினி பலவீனமாக இருந்தால் கூகுள் கோலாபில் இலவசமாகவே எல்லாம் ஓடும். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை மாதிரி (மாடல்) ஒரு ஊரைப் பற்றி, ஒரு தொழில் கூட்டத்தைப் பற்றி, ஒரு பருவத்தைப் பற்றி உருப்படியாகச் சிலவற்றைச் சொல்லும். தனி ஆள் ஒருவரைப் பற்றிக் கேட்டால் அது சொல்வதை நம்ப முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: எதைக் கணிக்கிறோம்?

‘மனநோய் உண்டு / இல்லை’ என்று ஒரே கட்டம் போட முடியாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, குடிநோய் எல்லாம் வேறு வேறு. மனச்சிதைவு குறைவான பேருக்கே வருவது. மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். கல்லூரி புராஜெக்டில் அதைத் தொட வேண்டாம். தொடக்கத்துக்கு ஏற்றது மனச்சோர்வு. அதை அளக்க எளிய கேள்வித்தாள் இருக்கிறது.

பிஹெச்க்யூ-9 என்பது அதன் பெயர். 2001-ல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, தூக்கக் குறைவு, களைப்பு, பசியில் மாற்றம் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டியவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தமிழ் வடிவம் கிடைக்கிறது, பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. பதற்றத்துக்கு இதே பாணியில் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் 2006-ல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பிஹெச்க்யூ-9 ஒரு வடிகட்டி மட்டுமே. அதில் 12 வாங்கியவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. ஆகவே உங்கள் மாதிரி கணிப்பது ‘பிஹெச்க்யூ-9 மதிப்பெண் 10-ஐத் தொடுமா’ என்பதை மட்டும். தலைப்பிலேயே இதை எழுதிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

இன்னொரு பொறி, ‘சிகிச்சை எடுத்தாரா’ என்பதை இலக்காக, அதாவது கணிக்க வேண்டிய பதிலாக வைப்பது. மென்பொருள் ஊழியர்களிடம் 2014-ல் எடுத்த ஓஎஸ்எம்ஐ கருத்தாய்வு புராஜெக்ட்களில் மிகவும் புழங்கும் தொகுப்பு. பெரும்பாலும் அதில் இலக்கு இதுதான். சிகிச்சைக்குப் போனவர் நோயாளி, போகாதவர் நலமானவர் என்று நெட்வொர்க் கற்றுக்கொள்ளும். நம் நாட்டில் இது எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. அப்படியென்றால் ‘சிகிச்சை’ என்ற இலக்கு, பஸ் செலவுக்குக் காசும் கூட வர ஆளும் உள்ளவரைத்தான் கண்டுபிடிக்கும். சாயல்குடிப் பக்கம் இருந்து மனநல மருத்துவரைப் பார்க்க இராமநாதபுரமோ மதுரையோ போக ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டாம் படி: பழகுவதற்கு ஒரு தரவு

ஊரில் இறங்கிக் கேள்வி கேட்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள். அதற்கு அமெரிக்க அரசின் என்ஹேன்ஸ் என்ற உடல்நலக் கணக்கெடுப்பு நல்லது. அனுமதி கேட்காமல் இறக்கிக்கொள்ளலாம். 2005 தொடங்கிய சுற்றிலிருந்து அதில் பிஹெச்க்யூ-9 இருக்கிறது. 2017-18 சுற்றை எடுத்தால் இரண்டு கோப்புகள் போதும்: ஒன்று மக்கள்தொகை விவரம், மற்றொன்று மனச்சோர்வுக் கேள்விகள். இரண்டிலும் எஸ்இக்யூஎன் என்ற ஆள் எண் இருக்கும். அதை வைத்து, அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸில் இணைக்க வேண்டும்.

இணைத்தவுடன் கூட்டிவிடாதீர்கள். ஒன்பது கேள்விகளும் டிபிக்யூ010 முதல் டிபிக்யூ090 வரை பத்துப் பத்தாகத் தாண்டிப் போகும். பதில்கள் 0 முதல் 3 வரை மட்டுமில்லை. ‘சொல்ல மறுத்தார்’ என்பதற்கு 7, ‘தெரியாது’ என்பதற்கு 9 என்று குறித்திருப்பார்கள். அப்படியே கூட்டினால், இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த ஆரோக்கியமான ஆள் 14 மதிப்பெண்ணோடு மனச்சோர்வுப் பட்டியலுக்கு நகர்ந்துவிடுவார். 7, 9 இரண்டையும் வெற்று மதிப்பாக மாற்றுங்கள். அப்புறம் இன்னொரு வேடிக்கை: இந்தக் கோப்புகள் எக்ஸ்பிடி வடிவில் இருப்பதால், பாண்டாஸ் சில சமயம் 0-ஐ, புள்ளிக்குப் பின் எழுபத்தெட்டுச் சுழியம் வரும் ஒரு மிகச் சிறிய எண்ணாகப் படிக்கும். ‘0-க்குச் சமமா’ என்று சோதித்தால் பொய் என்று வரும். முழு எண்ணாக்கிவிட்டால் சரி. வயதுக் கட்டத்தில் 80 என்றால் 80-ம் அதற்கு மேலும் என்று பொருள்.

மக்கள்தொகைக் கோப்பில் இருந்து வயது, பாலினம், கல்வி, திருமண நிலை, குடும்ப வருமானத்துக்கும் வறுமைக்கோட்டுக்கும் உள்ள விகிதம், வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றை எடுங்கள். கல்வியும் திருமண நிலையும் வகைகள். 1, 2, 3 என்று எண்ணாக இருப்பதால் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. ‘விதவை’ என்பது 2, ‘விவாகரத்தானவர்’ என்பது 3 என்பதால் ஒன்று மற்றொன்றைவிடப் பெரிது ஆகாது. ஒவ்வொரு வகைக்கும் 0/1 என்று தனி நெடுவரிசை போடுங்கள். ஐந்தாறு விவரங்கள் இருபது நெடுவரிசைகளாகப் பெருகும்.

இந்தியத் தரவு வேண்டும் என்றால் லாசி என்ற கணக்கெடுப்பு இருக்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களை 2017-18-ல் நாடு முழுக்கச் சந்தித்து எடுத்தது, 72,000 பேருக்கு மேல். மனச்சோர்வுக் கேள்விகளும் உண்டு. மும்பையில் உள்ள ஐஐபிஎஸ் நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இளைஞர் அதில் இல்லை என்பதுதான் குறை.

மூன்றாம் படி: 92 சதவீத மாயம்

அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரையான என்ஹேன்ஸ் கணக்கின்படி, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.1 சதவீதத்தினருக்கு பிஹெச்க்யூ-9 மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல். ஆண்களில் 5.5, பெண்களில் 10.4. இப்போது எந்த நிரலும் எழுதாமல், எல்லோருக்கும் ‘மனச்சோர்வு இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போங்கள். நூற்றுக்கு 92 முறை சரியாக இருக்கும். ஸ்லைடில் இருந்த 92 இதுதான். ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடிக்காத மாதிரிக்கும் அதே துல்லியம்.

எனவே துல்லியத்தை ஓரமாக வையுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. உண்மையில் 10-க்கு மேல் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது. அது கை காட்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது. இவற்றோடு, உள்ளவரையும் இல்லாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்லும் ஏயூசி என்ற எண். 0.5 என்றால் காசு சுண்டிப் பார்த்ததற்குச் சமம், 1 என்றால் பிழையே இல்லை. மக்கள்தொகை விவரம் மட்டும் வைத்து 0.9-க்கு மேல் வந்தால் கேக் வெட்ட வேண்டாம். எங்கோ கசிவு இருக்கிறது, தேடுங்கள்.

கசிவு என்றால் பதில் கேள்வியிலேயே ஒளிந்திருப்பது. மேலே சொன்ன ஓஎஸ்எம்ஐ தொகுப்பில், ‘உங்களுக்கு மனநலப் பிரச்சினை இருந்தால் அது வேலையைப் பாதிக்கிறதா’ என்று ஒரு கேள்வி. பிரச்சினை இல்லாதவர்கள் அதைக் காலியாக விட்டிருப்பார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தே நெட்வொர்க் பதிலைச் சொல்லிவிடும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற நெடுவரிசையும் அப்படித்தான். குறைவான வகுப்பைப் பெருக்கிக் காட்டும் ஸ்மோட் போன்ற உத்திகளை, தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் என்று பிரிப்பதற்கு முன் செய்தாலும் கசியும். பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியில் மட்டும் செய்யுங்கள். சராசரி கழித்து அளவைச் சீராக்குவதற்கும் இதே விதி.

நான்காம் படி: முதலில் லாஜிஸ்டிக், பிறகு நெட்வொர்க்

தரவை மூன்றாகப் பிரியுங்கள்: 70 பங்கு பயிற்சிக்கு, 15 சரிபார்ப்புக்கு, 15 கடைசிச் சோதனைக்கு. மூன்றிலும் நேர்மறை (மதிப்பெண் 10-ஐத் தொட்டவர்) விகிதம் ஒன்றாக இருக்கும்படி பிரிக்க, சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் வசதி உண்டு. சோதனைப் பகுதியைப் பூட்டி வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவை திறக்க வேண்டியது.

முதலில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டுங்கள்; நெடுவரிசைக்கு ஓர் எடை போட்டுக் கூட்டி நிகழ்தகவு தரும் எளிய புள்ளியியல் முறை அது. ‘இது பழசு சார்’ என்பார்கள். பழசுதான். ஆனால் 2019-ல் மருத்துவக் கணிப்பு மாதிரிகளை அலசிய ஒரு தொகுப்பாய்வு 71 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, இயந்திரக் கற்றல் முறைகள் லாஜிஸ்டிக்கைவிடப் பயன் தந்ததாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தது. அட்டவணை வடிவத் தரவில் நியூரல் நெட்வொர்க் பெரிய வித்தை காட்டுவதில்லை. படமும் பேச்சும் அதன் களம். லாஜிஸ்டிக் தரும் ஏயூசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் தாண்ட வேண்டிய கோடு அது.

இப்போது நெட்வொர்க். உள்ளே வருவது 20 நெடுவரிசை என்று வைப்போம். நடுவில் 16 முனைகள் கொண்ட ஒரே ஓர் அடுக்கு. ஒவ்வொரு முனையும் இருபது எண்களையும் தனித்தனி எடையால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகை சுழியத்துக்குக் கீழே போனால் சுழியமாக்கி, அடுத்த பக்கம் தள்ளும். கடைசியில் ஒரே முனை. அது 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு நிகழ்தகவைத் தரும். சொன்ன நிகழ்தகவுக்கும் உண்மைக்கும் உள்ள பிழையைப் பின்னோக்கி அனுப்பி ஒவ்வோர் எடையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவதுதான் பயிற்சி. 1986-ல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவலான முறை இது.

எடைகளை எண்ணிப் பாருங்கள். 20-ஐ 16-ஆல் பெருக்க 320, அதோடு முனைக்கு ஒன்றாக 16, வெளியே போகும் 16, கடைசியில் 1. மொத்தம் 353. லாஜிஸ்டிக்கில் இதே தரவுக்கு 21 எண்கள்தான். என்ஹேன்ஸின் ஒரு சுற்றில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெரியவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம். அதில் 10-க்கு மேல் வாங்கியவர்கள் நானூற்றுச் சொச்சம். நானூறு பேரை வைத்து 353 எடைகளைக் கற்றுக்கொடுக்கிறோம். நெட்வொர்க் ஆட்களை மனப்பாடம் செய்துவிடும். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 128 முனை என்று போடும் மாணவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான்.

மனப்பாடத்தைத் தடுக்க: முனைகளைக் குறையுங்கள், எட்டுகூடப் போதும். எடைகள் பெரிதாவதற்குத் தண்டனை வையுங்கள். சரிபார்ப்புப் பகுதியில் பிழை குறைவது நின்றவுடன் பயிற்சியை நிறுத்துங்கள். சைகிட்-லேர்னிலும், நெட்வொர்க் கட்ட உதவும் கெராஸ் நூலகத்திலும் இவை ஒரு வரி அமைப்புகள். தொடக்க எடைகள் தற்செயலாக அமைவதால் ஒரே நிரல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண் தரும். பத்து வெவ்வேறு தொடக்கத்தில் ஓட்டிச் சராசரியையும் வீச்சையும் போடுங்கள். பத்தில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போடுவது ஏமாற்று.

ஐந்தாம் படி: முடிவை ஆட்களாக மாற்றிப் பாருங்கள்

1000 பெரியவர்கள் உள்ள ஒரு கடலோரக் கிராமம். அதில் 100 பேருக்கு மதிப்பெண் 10-க்கு மேல் என்று வைப்போம். உங்கள் மாதிரி உள்ளவரில் 70 சதவீதத்தையும் இல்லாதவரில் 70 சதவீதத்தையும் சரியாகச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கு போடுங்கள். 100-ல் 70 பேரைப் பிடித்துவிட்டது, 30 பேரை விட்டுவிட்டது. மீதி 900-ல் 270 பேரைத் தவறாகக் கை காட்டியது. ஆக மொத்தம் 340 வீடுகளில் கதவைத் தட்டச் சொல்கிறது. அதில் 270 வீட்டில் ஒன்றுமில்லை. ‘உங்களுக்கு மனநலப் பிரச்சினை இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது’ என்று அந்த 270 பேரிடம் யார் போய்ச் சொல்வது? வாசலில் கேட்டது ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கப் போய்விடும். பெண் பார்க்க வருகிறவர் காதுக்கும் போகும்.

இதே எண்களைக் கூட்டமாகப் பாருங்கள். கணித்த நிகழ்தகவு சரியாக அளவிடப்பட்டிருந்தால், அதாவது ‘0.2’ என்று சொன்ன ஆட்களில் உண்மையிலேயே ஐந்தில் ஒருவருக்கு இருந்தால், ஒரு கிராமத்தின் நிகழ்தகவுகளைக் கூட்டினாலே அங்கே எத்தனை பேருக்கு உதவி தேவை என்று தோராயமாகத் தெரியும். அந்த அளவுப் பொருத்தத்தைச் சோதிக்க ஒரு படம் வரைய வேண்டும்: கணித்த நிகழ்தகவு ஒரு பக்கம், உண்மை விகிதம் மறுபக்கம். மாணவர் அறிக்கைகளில் இந்தப் படத்தை நான் அரிதாகவே பார்க்கிறேன், உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாகவும் எண்களைப் போடுங்கள். மனச்சோர்வு பெண்களிடம் கூடுதலாகப் பதிவாவதால் நெட்வொர்க் ‘பெண்’ என்பதைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்துபோன ஆண்களைக் கோட்டை விடும். ஆண்களின் துயரம் பல வீடுகளில் குடியாக வெளிப்படுகிறது. பிஹெச்க்யூ-9 குடியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

ஆறாம் படி: நம் கரைக்கு வரும்போது

அமெரிக்கத் தரவில் பழக்கிய மாதிரியை மண்டபத்தில் ஓட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நிரல் நம்முடையது, எடைகள் நம்முடையவை இல்லை. இங்கே புதிதாகத் தரவு எடுக்க வேண்டும். அங்கேதான் வேலையின் பெரும்பகுதி.

எத்தனை பேர் வேண்டும்? லாஜிஸ்டிக்குக்கு ஒரு பழைய கைக்கணக்கு: ஒரு நெடுவரிசைக்குப் பத்து நேர்மறை ஆட்கள். 20 நெடுவரிசைக்கு 200 நேர்மறை. பத்தில் ஒருவர் என்றால் 2000 பேரைச் சந்திக்க வேண்டும். நியூரல் நெட்வொர்க் போன்றவை இதைவிடப் பல மடங்கு கேட்கும். ஒரு நெடுவரிசைக்கு 200 நேர்மறைக்கு மேல் தேவைப்படலாம் என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் குழுவில் நான்கு பேர்தான் என்றால் நெடுவரிசைகளைக் குறைப்பதே வழி. எதைக் குறைப்பது, எதை வைப்பது என்பதற்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

‘தொழில்: மீனவர்’ என்று ஒரே கட்டம் போட்டால் பாம்பனில் பாதி ஊர் அதில் அடங்கிவிடும். விசைப்படகு வைத்திருப்பவரும், அதில் பங்குக்கு ஏறுபவரும், நாட்டுப்படகுக்காரரும், கரையில் கருவாடு போடும் பெண்ணும், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்ணும் ஒரே கவலையில் இல்லை. படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் உரிமையாளர் இழப்பது போட்ட முதல். கூலிக்குப் போனவரின் வீடு இழப்பது சம்பாதிக்கும் ஆளை. கொஞ்சம் உள்ளே போனால் வாலிநோக்கத்தில் உப்பளம், சாயல்குடிப் பக்கம் பனையேற்றமும் கரிமூட்டமும். எனவே ‘மீனவர்’ என்பதை மூன்றாகவாவது பிரியுங்கள்.

மாத வருமானம் கேட்காதீர்கள். பாடு (மீன்) கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் டீசல் கடன். ‘மாசம் எவ்வளவு வரும்’ என்ற கேள்விக்கு மனிதர்கள் சிரிப்பார்கள் அல்லது வாயில் வந்த எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணை நெட்வொர்க் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். கடந்த 30 நாளில் எத்தனை நாள் தொழிலுக்குப் போனீர்கள், வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா, நகை அடகில் இருக்கிறதா என்று கேட்டால் பதில் ஒழுங்காக வரும். இவை மக்கள்தொகை விவரம் ஆகாதே என்று நெறியாளர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ‘வருமானம்’ என்ற கட்டத்துக்குப் பதிலியாக வைத்திருக்கிறோம் என்று எழுதிவிடுங்கள்.

திருமண நிலை இன்னும் மோசம். கீழக்கரையில் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் எத்தனையோ; மணமானவர் என்று ஒரு டிக், ஆள் வந்து இரண்டு வருடம். தங்கச்சிமடத்தில் கணவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தாலும் அதே டிக். துணை இப்போது வீட்டில் இருக்கிறாரா, இல்லை என்றால் எவ்வளவு காலமாக என்று இரண்டு கேள்வி வையுங்கள்.

நாள்காட்டி இங்கே ஒரு நெடுவரிசை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு போகலாம். பிஹெச்க்யூ-9 கேட்பது கடந்த இரண்டு வாரத்தை மட்டும். மே மாதத்தில் தங்கச்சிமடத்திலும் ஆகஸ்டில் தொண்டியிலும் கேட்டுவிட்டு, தங்கச்சிமடத்தில் மனச்சோர்வு அதிகம் என்று எழுதினால் அது ஊரைப் பற்றிய முடிவா, மாதத்தைப் பற்றிய முடிவா? எந்த நெட்வொர்க்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஊரிலும் தடைக்காலத்தில் ஒரு முறை, வெளியே ஒரு முறை கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகு நான்கு நாளும் கடலுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் போகும் நாளைப் பொறுத்து வீட்டில் இருக்கும் ஆள் மாறுவார். ஏலக்கூடத்தில் நிற்பவர்களை நிறுத்திக் கேட்பதைவிட, வீட்டுப் பட்டியலில் இருந்து குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பப் போவதுதான் சரியான முறை. சலிப்பான வேலை.

ஏர்வாடி பற்றி ஒரு வார்த்தை. மனநலம், இராமநாதபுரம் என்று சேர்த்துச் சொன்னாலே தர்காவுக்குப் போய்த் தரவு எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அந்த ஊர் ஒருவரின் வசதிக்கான மாதிரிக் களமாக ஆகக் கூடாது என்பது ஒரு பக்கம். கணக்குப்படி பார்த்தாலும் தவறு. அங்கே தங்கியிருப்போரில் பலர் வேறு மாவட்டங்களில் இருந்தும் வேறு மாநிலங்களில் இருந்தும் அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுடைய வயதும் தொழிலும் இந்தக் கடற்கரையைப் பற்றி எதையும் சொல்லாது. மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழரிடம் கேட்க வேண்டுமானால் முறையான அரசு அனுமதி தேவை. முதல் புராஜெக்டுக்கு அதை விட்டுவிடலாம்.

பிரிக்கும்போது ஒரு மாற்றம்: ஆட்களைக் கலைத்துப் போட்டுப் பிரிக்காமல், ஊர் ஊராகப் பிரியுங்கள். பக்கத்து வீடுகள் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வீடு பயிற்சியிலும் அடுத்த வீடு சோதனையிலும் இருந்தால் மாதிரி நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். பாம்பன், திருப்பாலைக்குடி, தேவிப்பட்டினத்தில் பழக்கி, நெட்வொர்க் பார்த்தே இராத மூக்கையூரில் சோதித்தால் உண்மை நிலவரம் தெரியும். எண் இறங்கத்தான் செய்யும்.

ஏழாம் படி: கேள்வித்தாளோடு இறங்கும் முன்

கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளை அவர்கள் கேட்பார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவருக்குத் தன் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. 2023-ல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எடுக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் பதில் எதற்கும் ஆகாது.

பிஹெச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது. ஒருவர் ‘ஆமாம்’ என்றால் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்க முடியாது. கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பார்த்து, அப்படி ஒருவர் கிடைத்தால் அன்றே யாரிடம் அழைத்துப் போவது என்று பேசி வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையில் 14416 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மாநில அரசின் 104-ம் உண்டு. இரண்டு எண்களையும் அச்சடித்து, மதிப்பெண் என்னவானாலும் எல்லா வீட்டிலும் கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘34 வயது, விதவை, கடல்பாசி எடுப்பவர், இன்ன குப்பம்’ என்றால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் யார் என்று தெரியும். வயதைப் பத்து வருடப் பட்டையாக்குங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி என்று ஒன்றியத்தை வையுங்கள். எந்தச் சேர்க்கையிலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அதை வெளியிடும் அட்டவணையில் சேர்க்காதீர்கள். தரவை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எட்டாம் படி: எதை ஒப்படைப்பது?

‘இதை ஆப் ஆக்கி பிளே ஸ்டோரில் போடலாமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். 340-ல் 270 தவறு என்ற கணக்கை மறுபடி பாருங்கள். கடன் கொடுப்பவர், வேலைக்கு எடுப்பவர், கல்யாணத் தரகர் என்று யார் கைக்கும் அது போகலாம். வயதையும் தொழிலையும் வைத்து அடுத்தவரைப் பற்றித் தட்டிப் பார்க்க அவர் சம்மதம்கூடத் தேவைப்படாது.

அறிக்கையில் லாஜிஸ்டிக், நெட்வொர்க் இரண்டின் எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். நெட்வொர்க் 0.01 மட்டும் கூடுதல் என்றால், லாஜிஸ்டிக்கையே பரிந்துரைக்கிறோம் என்று எழுதத் தயங்காதீர்கள். வைவாவில் தேர்வாளர் கேட்கும் கேள்விக்கும் அது நல்ல பதில். கணிப்பு மாதிரிகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு டிரைபாட் என்ற பட்டியல் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்றபடி 2024-ல் புதுப்பித்திருக்கிறார்கள். அதை வரிவரியாக டிக் செய்துகொண்டு போனால் எதுவும் விட்டுப்போகாது. விதவை என்ற நெடுவரிசைக்கு எடை கூடுதலாக வந்தால், தொடர்பு இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். காரணம் என்று எழுத இந்தத் தரவு இடம் தராது.

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு பக்க அட்டவணை போதும்: எந்த ஒன்றியம், எந்தத் தொழில் கூட்டம், எந்த மாதங்கள், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, அந்த எண்ணிக்கையின் இரு பக்க வீச்சு. அதை மார்ச் மாதத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகு படகுகள் கரையில் நிற்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். முகாமை எந்தெந்த ஊரில், எந்த வாரம் வைப்பது என்று அவர்கள் முடிவு செய்ய அதற்கு முன் அட்டவணை கையில் இருந்தாக வேண்டும்.